கண்ணுக்குள் வைத்த லென்ஸும் மச்சானுக்குக் கொடுத்த துப்பாக்கியும்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ், துப்பாக்கி உதைக்கிற உதையில் கழன்று விழுந்துவிடும் என்று நான் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். முழுசாக நம்பினேன். வெளிப்பக்கம் எகிறி விழுமா, உள்பக்கம் நழுவி மூக்கு வழியாக வருமா என்பதில் மட்டும்தான் எனக்குக் குழப்பம். ஆபரேஷனுக்குப் பிறகு தும்மினால் கைக்குட்டையை விரித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

இத்தனைக்கும் நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். ஒளியியல் தாளில் வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடையில் சேலை விரித்துப் போடுகிறேன் என்பது வேறு விஷயம்.

இந்த ஞானத்தை எனக்கு அளித்தவர் கடையில் என் பக்கத்தில் உட்காருகிற சக ஊழியர். எனக்குக் கண் ஆபரேஷன் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க சித்தப்பாவுக்கு இதே ஆபரேஷன்தாம்பா. முடிஞ்சி வாரம்கூட ஆவல. மாட்ட அவுக்கப் போனாரு. அது தலைய ஆட்டிச்சி பாரு, ஒரே இடி. லென்ஸ் எகிறிக்கினு போய் வைக்கப்போர்ல விழுந்துடுச்சி."

"தேடினாங்களா?"

"வைக்கப்போர்ல எங்கப்பா தேடுறது?"

வேறு யாராவது இந்தக் கதையைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து என் துப்பாக்கியைப் பார்த்தேன். அது மாடு போலவே தெரிந்தது.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். காற்றை அழுத்தி ரவையைத் தள்ளும் ஏர் ரைபிள். பத்து மீட்டர் தூரத்தில் அட்டையைச் சுடுவதோடு அதன் வீரம் முடிந்துவிடும். திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், முன்பு பட்டு நூல் முறுக்கிக்கொண்டிருந்த ஒரு தகரக் கொட்டகையில்தான் எங்கள் கிளப். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே வரிசையாக நின்று, வாழ்க்கையில் யாரிடமும் காட்ட முடியாத கோபத்தை அட்டையில் காட்டிவிட்டு, பூரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். ஏர் ரைபிளின் உதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோளில் ஒரு கைக்குழந்தை தட்டினால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கைக்குழந்தைதான் என் லென்ஸை மூக்கு வழியாக வெளியேற்றப் போகிறது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் என் மாமியார் வீட்டார் எல்லாரும் பழத்தோடு வந்து, நான் எங்கோ திரும்பி வராத ஊருக்குப் போகிறவன் போல என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டமும் அந்த முகங்களும் என்னை என்னவோ செய்துவிட்டன. எழுந்து போய், பீரோ ஓரத்தில் சாத்தி வைத்திருந்த நீளப் பையை எடுத்து வந்து, மனைவியின் தம்பி மடியில் வைத்தேன். மச்சானுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருசக்கர வாகன ஷோரூமில் வேலை. என்னைப் பார்த்துத்தான் கிளப்பில் சேர்ந்தான். கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுட்டுக்கொண்டு, என்னுடையதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எடுத்துக்கினு போ மச்சான். இனிமே எனக்கு எதுக்கு இது? நீயாவது நல்லா சுடு."

என் குரல் தழுதழுத்தது. நானே அதை ரசித்தேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சான் 'வேண்டாம் மாமா, நீங்க சரியாயிடுவீங்க' என்று இரண்டு தடவையாவது மறுப்பான், நான் வற்புறுத்துவேன், கடைசியில் 'சரி, உனக்கு வேணாம்னா இங்கயே இருக்கட்டும்' என்று பையைத் திரும்ப பீரோ ஓரத்திலேயே வைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது.

"சரி மாமா" என்றான் அவன். ஜிப்பைத் திறந்து ரவை டப்பா உள்ளே இருக்கிறதா என்று பார்த்தான். "க்ளீனிங் ராடு எங்க?"

அதையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

*

எனக்குப் புரை என்பதையே நான் ஒரு அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் யாருக்காவது புரை வருமா? சர்க்கரை இருந்தால் சீக்கிரம் வரலாம் என்றார் டாக்டர். அப்படியானால் தின்ற அத்தனை ஜிலேபியும் நேராகக் கண்ணுக்கா போயிற்று? இரண்டு கண்ணிலும் புரை; நான் குறி பார்க்கிற வலது கண்ணுக்குத்தான் முதல் ஆபரேஷன்.

முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. ஒரு மணப்பெண்ணின் அத்தை. முகூர்த்தச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். சந்தனக் கலரில் வேண்டும் என்று கேட்டார்கள். அருமையான சந்தனச் சேலை ஒன்றை எடுத்து, முந்தானையை விசிறி மாதிரி விரித்துப் போட்டு, "சந்தனம்னா இதுதாம்மா சந்தனம், தொட்டுப் பாருங்க, வாசனையே வரும்" என்றேன்.

அந்த அம்மாள் சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏங்க, இது வெள்ளைங்க" என்றார். "கல்யாணப் பொண்ணுக்கு வெள்ளைப் புடவைய எடுத்துப் போட்டு வாசனை பாக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?"

முதலாளி சாயங்காலமே என்னைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார்.

வெள்ளையே எனக்குச் சந்தனமாகத் தெரிகிற அளவுக்குக் கண்ணுக்குள் பழுப்பு ஏறியிருக்கிறது; எனக்கு உறைக்கவில்லை. கொட்டகையிலும் அதே கதைதான். அந்தக் கதை புரிய, சுடுவது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். துப்பாக்கியின் பின்பக்கத்தில், கண்ணருகே, சின்னத் துளை ஒன்று இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் குழாயின் நுனியில் ஒரு வளையம் தெரியும். அதற்கும் அப்பால், பத்து மீட்டரில், அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்தை வளையத்துக்கு நடுவில், சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை தெரிகிறபடி வைத்து, மூச்சை நிறுத்தி, விசையை அழுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கறுப்பு வட்டத்தையே முறைத்துப் பார்ப்பார்கள். அது தப்பு. வளையம்தான் கூர்மையாகத் தெரிய வேண்டும். வட்டம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பாதகமில்லை.

பின்னால் இருக்கிற அந்தத் துளையைச் சுற்றி ஒரு திருகு வளையம் உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் துளை பெரிதாகும், மறுபக்கம் திருப்பினால் சின்னதாகும். வெளிச்சம் போதவில்லை என்றால் பெரிதாக்கிக்கொள்ளலாம். எங்கள் கொட்டகையில் கொஞ்ச காலமாகவே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். கிளப் செயலாளரிடம் டியூப்லைட்டை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன். மாற்றினார். அப்புறமும் இருட்டாகவே இருந்தது. மட்டமான டியூப்லைட் வாங்கியிருக்கிறார் என்று மறுபடி சண்டை போட்டேன். அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்.

"யோவ், எல்லாருக்கும் பளிச்னு இருக்குது. உனக்கு மட்டும் நான் சூரியனக் கொண்டாந்து மாட்டணுமா?" என்றார்.

மனிதரிடம் மனசாட்சி இல்லை என்று முடிவு செய்து, நானே திருகைத் திருப்பித் துளையைப் பெரிதாக்கிக்கொண்டேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் அது திருப்புவதற்கு இடமில்லாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

டாக்டர் ஒரு பெண்மணி. என்னைவிட வயதில் கொஞ்சம் சின்னவர். ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன் பொறுமையாக உட்காரவைத்துக் கேட்டார்.

"வேலையைத் தவிர வேற என்ன செய்வீங்க சார்? பொழுதுபோக்கு ஏதாவது?"

துப்பாக்கி சுடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் 'இனிமேல் சுடக்கூடாது' என்று அவர் வாயால் வந்துவிடும். மாடு முட்டிய கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"கோயிலுக்குப் போவேன்" என்றேன், பக்தியோடு.

"நல்லது. அங்க பார்வை எப்படி இருக்குது?"

எடுத்த பொய்யை முழுசாகவே சொல்லிவிடலாம் என்று, "கூட்டத்துல பின்னாடி நின்னா சாமியே தெரியலீங்க டாக்டர்" என்றேன். குரலில் கொஞ்சம் உருக்கமும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார்.

*

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதில்தான் எனக்கு முதல் கோபம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், துப்பாக்கியைத் தானம் செய்து, மனைவியிடம் பாஸ்புக் இருக்கிற இடமெல்லாம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறேன். மேலே வெளிச்சம் தெரிகிறது, தண்ணீர் ஊற்றுவது போல என்னவோ ஆகிறது. "டாக்டர், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு சார்."

இவ்வளவுதானா? நான் பட்ட பாட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவர் வெள்ளையாக இருந்தது. அப்படி ஒரு வெள்ளையை நான் மறந்தே போயிருந்தேன். வெளியே வந்ததும் மனைவியைப் பார்த்து, "நீலப் புடவை நல்லாருக்குதே, புதுசா?" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "இது போன வருஷம் உங்க கடையில நீங்களே எடுத்துக் குடுத்தது. அப்போ இன்னா கலர்னு நெனச்சிக்கினு குடுத்தீங்க?"

"கறுப்பு."

"பொண்டாட்டிக்குக் கறுப்புப் புடவை." அவள் ஆட்டோவைக் கூப்பிடப் போய்விட்டாள்.

அடுத்த வாரங்கள் சொட்டு மருந்திலும் அவமானத்திலும் கழிந்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்திருந்தால் தெருவில் போகிற ஒவ்வொருவரும் நின்று, "புரையா? எங்க மாமனாருக்குக்கூட எண்பது வயசுல எடுத்தாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுபது என்றாவது ஒருத்தர் சொல்லக்கூடாதா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் வரதர் கோயில் கோபுரம் தெரியும். கொஞ்ச காலமாக அது எனக்கு முக்கோணமாக ஒரு மாவுக் குவியல். இப்போது பார்க்கிறேன், பொம்மைகளுக்கெல்லாம் விரல்கள் இருக்கின்றன. ஒரு துவாரபாலகர் தலையில் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது, அதன் மூக்கு தெரிகிறது. பத்து மீட்டர் எந்த மூலைக்கு என்று அப்போதுதான் எனக்குள் ஒரு நெருப்பு பற்றியது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கறுப்பு வட்டத்தின் நடுப்புள்ளியைப் பெயர் சொல்லி அழைக்கலாமே. என் துப்பாக்கி எங்கே?

லென்ஸ் விழும் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த பரிசோதனையில் சாமர்த்தியமாகக் கேட்டேன்.

"டாக்டர், என் பிரெண்டு ஒருத்தருக்கும் இதே ஆபரேஷன். அவரு ஏர் ரைபிள் சுடுவாரு. அந்த உதையில லென்ஸ்..."

"விழாது சார்."

"மாடு முட்டினா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பிரெண்டு மாட்டையும் சுடுவாரா?"

"இல்லீங்க, பொதுவாக் கேட்டேன்."

"முகத்துல பலமா அடிபட்டா எந்தக் கண்ணுக்கும் ஆபத்துதான். ஏர் ரைபிளுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. சொட்டு மருந்து முடிஞ்சி, நான் பார்த்துச் சரின்னு சொன்னதும் உங்க பிரெண்டு தாராளமா சுடட்டும்." 'பிரெண்டு' என்ற சொல்லை அவர் கொஞ்சம் இழுத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்படியானால் வைக்கோல் போரில் விழுந்தது என்ன? மறுநாள் சக ஊழியரைப் பிடித்துக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "சித்தப்பாவுக்குக் கண்ணுல ஆபரேஷனா, பல்லுலயான்னு இப்ப சரியா ஞாபகம் இல்லப்பா" என்றார்.

ஒரு பல் செட்டுக்காக என் துப்பாக்கியைத் தாரை வார்த்திருக்கிறேன்.

*

சொட்டு மருந்து முடிந்து டாக்டர் சரி என்றதும் மச்சான் வீட்டுக்குப் போனேன். காபி குடித்தேன். மழை வருமா என்று பேசினேன். அப்புறம், "அந்தப் பை எங்க மச்சான்? சும்மா பாக்கலாம்னு" என்றேன்.

"எதுக்கு மாமா?"

"சுடறதுக்குத்தான். டாக்டரே சொல்லிட்டாங்க."

"அது சரி மாமா. ஆனா அத எனக்குக் குடுத்துட்டீங்களே. எல்லார் முன்னாடியும் குடுத்தீங்க. எங்கம்மா அழுதாங்க."

"நான் ஏதோ பயத்துல குடுத்தேன்டா!"

"பயத்துல குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதானே மாமா? நாளைக்கே உங்களுக்கு இன்னொரு கண்ணுல ஆபரேஷன்னா மறுபடி கொண்டாந்து குடுப்பீங்க. அலையறது யாரு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நியாயம் கேட்டேன். தம்பி பக்கம்தான் பேசுவாள் என்று தெரியும். ஆனாலும் இவ்வளவு வெளிப்படையாகவா?

"சீர் குடுத்தா மாதிரி மடியில வெச்சிக் குடுத்தீங்க. இப்போ போய்த் திருப்பிக் குடுன்னா அசிங்கமா இல்ல? கறுப்புப் புடவைய நான் திருப்பிக் குடுத்தேனா?"

பேச்சுவார்த்தை நாலைந்து நாள் நடந்தது. கடைசியில் மச்சான் ஒரு சமாதானத்துக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இருவரும் அந்த ஒரே துப்பாக்கியால் மாற்றி மாற்றிச் சுடுவது. நான் ஜெயித்தால் எடுத்துக்கொண்டு போகலாம். தோற்றால் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே கூடாது.

"என் துப்பாக்கிய நானே ஜெயிக்கணுமா?"

"இப்ப அது என்னுது மாமா. அதனாலதான் ஜெயிக்கணும்."

ஒரு நிபந்தனை மட்டும் நான் வைத்தேன். அதற்கு முன்னால் ஒரு நாள் அதில் பழகிப் பார்க்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அவனே கொண்டுவந்து, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணை விட்டு அகலாத அண்ணன் மாதிரி பக்கத்திலேயே நின்றான்.

துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். கன்னம் பட்ட இடம் பழைய இடம்தான். துளை வழியாகப் பார்த்தேன். ஆகா, கறுப்பு வட்டம் மை வைத்தது போல இருந்தது. அட்டையில் அச்சடித்த எண்கள்கூடத் தெரிந்தன. சந்தோஷத்தில் மூச்சை நிறுத்தி வளையத்தைத் தேடினேன்.

வளையம் இல்லை. வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை இருந்தது. ஊதுபத்திப் புகை சுருண்டு நிற்குமே, அது மாதிரி. கண்ணைச் சிமிட்டினேன். கண்ணீர் துடைத்தேன். புகை அப்படியே இருந்தது. எது தெரியவே வேண்டாமோ அது காக்கை மூக்கு மாதிரி தெரிகிறது, எது தெரிய வேண்டுமோ அது இல்லை. முன்பு புரை இருந்தபோதாவது வட்டம் மங்கி வளையம் ஒருமாதிரி தெரிந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து தலைகீழாக ஆக்கிவிட்டார்கள்!

சுட்டேன். ரவைகள் அட்டையில் ஊர்வலம் போயின. ஒன்று அட்டையிலேயே இல்லை.

செயலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "டியூப்லைட் மாத்திடட்டுமா?" என்றார்.

நான் மச்சான் பக்கம் திரும்பினேன். "இதுல என்னடா பண்ணி வெச்சிருக்கே? எதையோ நோண்டியிருக்கே நீ!"

"நான் ஒண்ணுமே தொடல மாமா. சத்தியமா. நீங்க எப்படிக் குடுத்தீங்களோ அப்படியேதான் சுட்டுக்கினு இருக்கேன்."

சொல்லிவிட்டு அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். சிரிப்பை மறைக்கிறான் என்று எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. ஆனால் உள்ளுக்குள் வேறு ஒன்று கிடந்து அரித்தது. வளையம் தெரியாவிட்டால் இந்த ஞாயிறு மட்டுமில்லை, எந்த ஞாயிறும் இல்லை. கடையில் நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துச் சேலை விரிக்கிறவனுக்கு, சிரிக்காமல் பேசாமல் நிற்க உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அந்தத் தகரக் கொட்டகை. அது போய்விட்டது என்று தோன்றியதும் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க முடியாது. டாக்டரிடம் போய்ச் சண்டையாவது போடலாம்.

*

மறுநாள் காலையில் முதல் டோக்கன் நான்தான். வழியெல்லாம் வசனம் பழகிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.

"டாக்டர், இது அநியாயம். தப்பான லென்ஸ வெச்சிட்டீங்க."

"உக்காருங்க சார். என்ன தெரியல?"

"வளையம் தெரியல! துப்பாக்கியோட முன்னாடி வளையம். அதுதான் எனக்கு முக்கியம். அது புகையா இருக்குது."

"உங்க பிரெண்டோட துப்பாக்கியா?"

"என்னுதுதான்" என்றேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. "நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எனக்கு என்ன தேவைன்னு கேக்காம..."

"கேட்டேனே சார்." அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "பொழுதுபோக்கு என்னன்னு கேட்டேன். கோயிலுக்குப் போவேன், பின்னாடி நின்னா சாமி தெரியலன்னு சொன்னீங்க. அதனாலதான் தூரத்துக்குத் தெளிவாத் தெரியற மாதிரி வெச்சேன். இப்போ சாமி தெரியுதா?"

"தெரியுது."

"பின்னாடி நின்னா?"

"தெரியுது. நெத்தியில திருமண் வரைக்கும் தெரியுது."

"அப்புறம்?"

பழகிய வசனத்தில் இந்த இடம் இல்லை.

அவர் எழுந்து, மேஜை இழுப்பறையிலிருந்து கறுப்பாக ஒரு தட்டை எடுத்தார். கரண்டி மாதிரிக் கைப்பிடி. தட்டில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னத் துளைகள். சுவரோரம் நின்று, எழுத்து அச்சடித்த அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வளையம் இவ்வளவு தூரத்துல இருக்குமா?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆங், அங்கதான்."

"படிங்க."

எழுத்துகள் புகையாக இருந்தன. "பாத்தீங்களா!" என்றேன், ஜெயித்துவிட்டவன் மாதிரி.

"இப்போ இந்தத் தட்டைக் கண்ணு முன்னாடி வெச்சி, ஏதாவது ஒரு ஓட்டை வழியாப் படிங்க."

வைத்தேன். படித்தேன். கடைசி வரிவரை படித்தேன். குரல் போகப்போகச் சின்னதாயிற்று.

"சின்ன ஓட்டை வழியாப் பார்த்தா, தூரத்துல இருக்கறதும் கிட்ட இருக்கறதும் ரெண்டுமே ஓரளவு தெளிவாத் தெரியும் சார். லென்ஸ் சரியாத்தான் இருக்குது. உங்க துப்பாக்கியிலயும் பார்க்கற இடத்துல ஒரு ஓட்டை இருக்கும் இல்ல? அது எவ்வளவு பெருசு?"

திருப்ப இடமில்லாமல் நின்றுவிட்ட திருகு விரல் நுனியில் நினைவுக்கு வந்தது. ஒளியியல் தாளில் இது கேள்வியாகவே வந்திருந்தது. படம் போட்டு பாகங்களைக் குறித்திருந்தேன். முழு மார்க்.

"நன்றிங்க டாக்டர்" என்றேன்.

"அநியாயம்னு சொன்னீங்களே?"

"அது வேற ஒருத்தரப் பத்தி."

*

நேராக மச்சான் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் கண்ணெதிரில் திருகை நைசாகத் திருப்பிவிட்டு ஜெயிப்பதாகத் திட்டம். அந்தத் திட்டத்தையும் அவன் கெடுத்தான். அன்று சாயங்காலமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

"இந்தாங்க மாமா. நீங்களே வெச்சிக்கோங்க. எனக்கு வேணாம்."

"ஏன்டா? ஞாயித்துக்கிழமை?"

"அதெல்லாம் வேணாம் மாமா." உட்கார்ந்தான். அக்கா உள்ளே இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் வந்துடுச்சின்னு நெனைக்கிறேன்."

"எது?"

"புரை."

நான் அவன் கண்ணை உற்றுப் பார்த்தேன்.

"இத எடுத்துக்கினு போனதுலேர்ந்து வளையம் கலங்கலாத் தெரியுது மாமா. கிளப் துப்பாக்கியில சுட்டப்போ ஒழுங்காத்தான் இருந்துச்சி. நாளாக ஆக மோசமாவுது. நேத்து நீங்க வளையம் தெரியலன்னு கத்துனீங்க பாருங்க, காலையில மொத வேலையா ஓடினேன். கண்ணாடிக் கடையில டெஸ்ட் பண்ணேன். கண்ணு நல்லாருக்குதுன்றான். அவனுக்கு இன்னா தெரியும்? உங்களுக்கும் இப்படித்தானே மாமா ஆரம்பிச்சிது?"

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்து, "இன்னாடா ஆச்சி?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் பையை வாங்கி, பீரோ ஓரத்தில், அதன் பழைய இடத்தில் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். காபியை ஆற்றினேன். க்ளீனிங் ராடு எங்கே என்று கேட்டேன். அதையும் எடுத்து வைத்தான். மறுபடி காபியை ஆற்றினேன். அவன் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. நன்றாக இருந்தது. வைக்கோல் போர் கதையைச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

காபி முடிந்த பிறகு சொன்னேன். துளையைப் பற்றி, திருகைப் பற்றி, வெளிச்சம் போதவில்லை என்று நான் அதைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தது பற்றி, டாக்டரின் கறுப்புத் தட்டைப் பற்றி.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "யோவ் மாமா!" அதுவரை அவன் என்னை 'யோவ்' என்றதில்லை. "நான் கண்ணு போச்சேன்னு நேத்துலேர்ந்து சோறு எறங்காம இருக்கேன். பைய வாங்கி உள்ள வெச்சிட்டுச் சொல்றீங்களே! குடுங்க அத!"

"குடுத்தது குடுத்ததுதானே மச்சான்?"

"அக்கா, இவர்கிட்ட கேளு!"

"நான் எதுக்குடா கேக்கணும்?" என்றாள் மனைவி. "கறுப்புப் புடவையப் பத்தியே நான் எதுவும் கேக்காமதான் கட்டிக்கினு இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளப்புக்குப் போனோம். திருகைத் திருப்பித் துளையைச் சின்னதாக்கினேன். வளையம் தெரிந்தது. கறுப்பு வட்டமும் தெரிந்தது. பந்தயம் எதுவும் இல்லாமல் ஆளுக்கு ஒரு அட்டை சுட்டோம். மச்சான் என்னைவிட நன்றாகச் சுட்டான். துப்பாக்கி என் வீட்டுக்கு வந்தது. லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது.